மனைக்கோடுகளைக் கடைசியில் வரைதல்

நான் முதன்முதலாகத் தனியே வரைந்த மனைப்பிரிவின் நடுவே ஓர் ஓடை இருந்தது. நிலத்தில் இருந்த அந்த ஓடை என் வரைபடத்தில் இல்லை. வறண்ட பருவத்தில் அளவெடுத்தவர்கள், காய்ந்து கிடந்த பள்ளத்தைச் சாதாரணத் தாழ்வு என்று எண்ணி விட்டுவிட்டார்கள். நானோ மேசையை விட்டு எழுந்திருக்காமல், அவர்கள் கொடுத்த எல்லைக்குள் ஒரே அளவான செவ்வகங்களை அடுக்கி, இடையிடையே சாலைகளைச் செருகி, எஞ்சிய கோணல் மூலைகளுக்குப் பச்சை வண்ணம் தீட்டிப் 'பூங்கா' என்று எழுதிக் கொடுத்தேன். ஒப்புதலும் தாமதமின்றிக் கிடைத்தது. இரண்டாம் ஆண்டு மழையில் நான்கு வீடுகளின் பின்புறமாக நீர் புகுந்து முன்வாசல் வழியே வெளியேறியது. மறுநாள் போய்ப் பார்த்தபோது, நான் அழித்துவிட்ட ஓடையின் போக்கைச் சேறு அந்த வீடுகளின் தரைமேல் வளைவு பிசகாமல் வரைந்து வைத்திருந்தது. அந்தக் குடும்பங்களுக்கு என் பெயர் தெரியாது என்பது அன்று ஆறுதலாக இருந்தது. இன்று அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் மனைப்பிரிவை வேறு விதமாக வரையக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். அந்த முறையைக் கொத்து மனைப்பிரிவு என்று இங்கே அழைக்கிறேன். ஒரு நிலத்தில் எத்தனை வீடுகளுக்கு விதிகள் இடந்தருகின்றனவோ அத்தனை வீடுகளையும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அவற்றை நிலம் முழுவதும் பரப்பாமல், ஒவ்வொரு மனையின் அளவையும் குறைத்து, கட்டடத்தைத் தாங்கக்கூடிய இடங்களில் கொத்துக் கொத்தாக அமைத்துவிட்டு, ஓடை, சதுப்பு, மரக்கூட்டம், செங்குத்துச் சரிவு, புல்வெளி ஆகியவற்றை யாருடைய மனைக்குள்ளும் அடங்காத பொதுநிலமாக நிரந்தரமாக விட்டுவைக்க வேண்டும். இது புதிய கருத்தன்று. 1929இல் குடியேற்றம் தொடங்கிய, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ராட்பர்ன் குடியிருப்பில், அதை வடிவமைத்த கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் வீடுகளின் முகத்தைச் சாலையிலிருந்து திருப்பி, உள்ளேயிருந்த பொதுப் பசுமைவெளியை நோக்கி வைத்தார்கள். 1960களில் கலிபோர்னியக் கடற்கரையில் சீ ராஞ்ச் குடியிருப்புக்குத் திட்டம் வகுத்த லாரன்ஸ் ஹால்ப்ரின், காற்றைத் தடுப்பதற்காக முன்பே நடப்பட்டிருந்த சைப்ரஸ் மரவரிசைகளை ஒட்டி வீடுகளைக் கூட்டிவிட்டு, கடலை நோக்கிய புல்வெளிகளைத் திறந்தே விட்டார். பின்னாளில் பிரிக்கப்பட்ட பகுதிகளில் அந்த ஒழுங்கு தளர்ந்து வீடுகள் புல்வெளிக்குள் இறங்கிவிட்டன. வரைபடத்தை மட்டும் நம்பி இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. இதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

கோடுகளை எந்த வரிசையில் வரைகிறோம் என்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. வழக்கமான மனைப்பிரிவில் சாலை முதலில் வரும், சாலையின் இருபுறமும் மனைகள் வரும், மனைக்கு ஒவ்வாத மிச்சம் பொதுவெளியாகும். அமெரிக்கத் திட்டமிடலாளர் ராண்டல் அரெண்ட் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். அவர் முறைப்படி, விட்டுவைக்க வேண்டிய நிலத்தை முதலில் குறிக்க வேண்டும். அதன் பிறகு வீடுகள் நிற்கும் இடங்களைப் புள்ளிகளாக இட வேண்டும். அந்தப் புள்ளிகளைச் சாலைகளாலும் நடைபாதைகளாலும் இணைத்த பின்னரே, கடைசி வேலையாக, மனைகளின் எல்லைக்கோட்டை வரைய வேண்டும். சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்த மாற்றம் கைக்குப் படிய எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. வெற்றுத்தாளைக் கண்டவுடன் சாலையைப் போடத் துடிக்கும் கை அது. வரிசையை ஒரு படி தவறவிட்டாலும், அதாவது சாலையை மட்டும் முன்னால் கொண்டுவந்தாலும், முழு வரைபடமும் பழைய வார்ப்புக்கே திரும்பிவிடுகிறது. சாலை வந்துவிட்டால் அதன் இரு மருங்கையும் வெறுமையாக விட ஒருவருக்கும் மனம் வருவதில்லை.

விட்டுவைக்கும் நிலத்தைக் குறிப்பதில் இரண்டு நிலைகள் உண்டு. சதுப்பு நிலம், வெள்ளம் பரவும் தாழ்நிலம், 25 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சரிவு ஆகியவை முதல் நிலை. நான்கு மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஏறும் நிலத்தையே 25 விழுக்காட்டுச் சரிவு என்கிறோம். இவற்றைப் பற்றி வாதம் பெரும்பாலும் எழுவதில்லை. கட்டினால் கட்டடமே சரியும் அல்லது நனையும் என்பது முதலீடு செய்பவருக்கும் தெரியும். கட்டுவதற்கு நன்றாகவே உகந்த நிலத்தில் அமைந்திருந்தாலும் காக்கத் தகுந்தவை இரண்டாம் நிலையில் வருகின்றன. முதிர்ந்த மரக்கூட்டம், வளமான மேல்மண், பழைய வேலியோர மரவரிசை, சில வாரங்கள் மட்டும் நீர் நிற்கும் குட்டை, குன்றின் விளிம்பு, பழைய கற்சுவர் என்று இந்தப் பட்டியல் நிலத்துக்கு நிலம் மாறும். இங்கே சட்டம் துணைக்கு வராது. வரைபவரின் கண்ணும் வாதத்திறனும்தான் துணை. ஸ்காட்லாந்தில் பிறந்து பென்சில்வேனியாவில் கற்பித்த நிலக்காட்சி வடிவமைப்பாளர் இயன் மெக்ஹார்க், மண், நீர், சரிவு, தாவரம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனி ஒளிபுகும் தாளில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒளியில் பார்க்கும் முறையை 1960களில் பரவலாக்கினார். எங்கே நிறங்கள் அடர்ந்து தெரிகின்றனவோ அங்கே கைவைக்கக் கூடாது. எங்கே தாள் வெளிறித் தெரிகிறதோ அங்கே வீட்டைத் தேடலாம். இன்று கணினி அதை நொடியில் செய்துவிடுகிறது.

ஆனால் கணினியின் அடுக்குகளில் அந்தத் தற்காலிகக் குட்டை பெரும்பாலும் தெரியாது. ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து கிடப்பதால் அதில் மீன் வாழாது; மீன் இல்லாததாலேயே அங்கு முட்டையிடும் தவளைகளின் குஞ்சுகள் பிழைக்கின்றன. வறண்ட காலத்தில் பார்ப்பவருக்கு அது உதிர்ந்த இலைகள் படிந்த ஒரு பள்ளம், நிரவிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். ஆகவே நிலத்தை இரண்டு பருவங்களிலாவது நடந்து பார்க்காமல் நான் இப்போது பேனாவை எடுப்பதில்லை. முதல் நடை மழை பெய்துகொண்டிருக்கும்போதே அமைந்தால் நல்லது. நீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் விரைகிறது, எங்கே மண்ணை அரிக்கிறது என்பதை அந்த ஒரு மணி நேரம் காட்டுவதுபோல் ஒரு மாதத்து மேசை வேலை காட்டாது. அந்த நடையில் முதலீட்டாளரையும், பொறியாளரையும், ஒப்புதல் அளிக்கும் அலுவலரையும் கூட்டிச் செல்வது என் வழக்கம். காலணியில் சேறு அப்பிய பிறகு ஒருவர் "அங்கே இன்னும் இரண்டு மனை போடலாமே" என்று கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம், ஏனெனில் கூட்டங்களில் முதலில் எழும் கேள்வி அதுதான். 100 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச மனை 2 ஏக்கர் என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். சதுப்பும் செங்குத்துச் சரிவுமாக 20 ஏக்கர் கழிகிறது. மீதி 80 ஏக்கரில் சாலைகளுக்கு 8 ஏக்கர் போனால் 72 ஏக்கர், அதாவது 36 வீடுகள். இந்த 36 என்பதே அந்த நிலத்தின் நேர்மையான கொள்ளளவு. அதே 36 வீடுகளை அரை ஏக்கர் மனைகளில் கொத்தாக வைத்தால் மனைகளுக்கு 18 ஏக்கரும் குறுகிவிட்ட சாலைகளுக்கு ஏறக்குறைய 4 ஏக்கரும் ஆகும். 78 ஏக்கர் திறந்த நிலமாக மிஞ்சும். விளம்பரத்தாளில் '78 விழுக்காடு பசுமை' என்று அச்சிடுவார்கள். எனக்கு அந்த எண்ணைப் பிடிக்காது. அதில் 20 ஏக்கர் எப்படியும் கட்ட இயலாத நிலம். அதைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்வதில் பெருமை ஒன்றுமில்லை. கட்டக்கூடிய 80 ஏக்கரில் 58 ஏக்கரை விட்டுவைத்தோம் என்பதுதான் கணக்கு, அதுவே போதிய சாதனை. பொதுவெளியின் அளவை இவ்வாறு கட்டத்தக்க நிலத்தின் பங்காகக் கேட்கும் விதிமுறை உள்ள இடங்களில் ஏமாற்று வேலை பெருமளவு குறைகிறது.

ஏமாற்று என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினேன். கொத்தாக அமைக்கும்போது அனுமதிக்கப்படும் வீடுகளின் எண்ணிக்கையை முடிவு செய்ய, வழக்கமான முறையில் எத்தனை மனைகள் அமையும் என்று காட்டும் ஒப்பீட்டு வரைபடம் ஒன்றைக் கேட்பார்கள். அதில் சதுப்பின் மேலும் பாறைச்சரிவின் மேலும் துணிந்து மனைகளை வரைந்து எண்ணிக்கையை உயர்த்திக் காட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 36 வீடுகள் 50 ஆகிவிடும். பிறகு கூடுதல் 14 வீடுகளையும் கொத்துக்குள் திணித்துவிட்டு, இயற்கையைக் காக்கும் திட்டம் என்று பலகை நடுவார்கள். மண் சோதனை செய்து, கழிவுநீரை உறிஞ்சும் திறன் உண்டென்று காட்டிய மனையை மட்டுமே அந்த ஒப்பீட்டில் எண்ண வேண்டும் என்று வற்புறுத்தினால் இந்த வித்தை செல்லாது.

திறந்த நிலம் எவ்வளவு என்பதைவிட அது ஒரே துண்டாக இருக்கிறதா என்பது காட்டுயிர்களுக்குப் பெரிய கேள்வி. மரக்கூட்டத்தின் ஓரத்தில் வெயிலும் காற்றும் களைகளும் வீட்டுப் பூனைகளும் உள்ளே நுழைகின்றன. உள்காட்டுக்குப் பழகிய உயிர்களுக்கு அந்த ஓரப்பகுதி பயன்படுவதில்லை. ஓரத்தின் பாதிப்பு 30 மீட்டர் வரை உள்ளே செல்வதாகக் கொள்வோம். நூறு மீட்டர் சதுரமான தோப்பில் நாற்பது மீட்டர் சதுரம் மட்டுமே உள்காடாக மிஞ்சும், அதாவது பரப்பில் 16 விழுக்காடு. முந்நூறு மீட்டர் சதுரமான தோப்பில் 64 விழுக்காடு மிஞ்சும். ஒன்பது சிறு தோப்புகளையும் ஒரு பெரிய தோப்பையும் ஒப்பிட்டால் மொத்தப் பரப்பு ஒன்றுதான். உள்காடோ பெரிய தோப்பில் நான்கு மடங்கு. இந்தக் கணக்கைச் சொன்ன பிறகு, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சிறு பூங்கா கேட்பவர்களிடம் பேசுவது எளிதாகிறது. விளையாடுவதற்கான பசுமைத்திடல் வீட்டருகே வேண்டும் என்பது நியாயமான விருப்பம். அதை வீடுகளின் கொத்துக்குள்ளேயே சிறியதாகக் கொடுத்துவிட்டு, காட்டைக் காடாகவே விட வேண்டும். ஓடைக்கு இருபுறமும் முப்பது மீட்டர் அளவுக்குச் செடிகொடிகள் அடர்ந்த பட்டையை விடுவதும் இதோடு சேர்ந்ததுதான். அந்தப் பட்டை நிழல் தந்து நீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது, வண்டலை வடிக்கிறது, புல்தரை உரத்தின் ஒரு பகுதியை ஓடைக்குள் போகாமல் பிடித்துக்கொள்கிறது. அதோடு இரண்டு தோப்புகளை இணைக்கும் வழியாகவும் ஆகிறது.

வீடுகளைக் காட்டின் நடுவே வைக்கச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். படத்தில் அழகாக இருக்கும். அதை எப்போதும் மறுக்கிறேன். காட்டுக்குள் வீடு வைத்தால் ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் ஒரு புதிய ஓரம் உண்டாகிறது. தீப்பற்றும் அபாயமுள்ள நிலப்பகுதிகளில் வீட்டைச் சுற்றி முப்பது மீட்டர் வரை எரிபொருளாகக்கூடிய செடிகளைக் குறைத்து வைக்க வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் காக்க நினைத்த காடே வீடுகளைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கரைந்துபோகும். காட்டின் விளிம்புக்குச் சற்றுத் தள்ளி, ஏற்கெனவே திறந்து கிடக்கும் வளங்குறைந்த மண்ணில், கொத்துக்கு எட்டு முதல் பதினைந்து வீடுகள் என்று வைத்தால் பெரும்பாலான வீடுகளின் சன்னலிலிருந்து காடு தெரியும், காட்டுக்குள்ளிருந்து வீடு பெரிதாகத் தெரியாது. குன்றின் முகட்டிலும் அப்படியே. முகட்டில் கட்டிய ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் காட்சிக்காகச் சுற்றியுள்ள அனைவரும் தங்கள் காட்சியை இழக்கிறார்கள். முகட்டுக்குக் கீழே, கூரை முகட்டுக்கோட்டைத் தாண்டாத உயரத்தில் வீட்டை இருத்துவது நல்லது.

தனி மரங்களைப் பற்றியும் ஒரு சொல். 'இந்த மரம் காக்கப்படும்' என்று வரைபடத்தில் வட்டமிட்ட மரங்களில் கணிசமானவை குடியேற்றம் நடந்து சில ஆண்டுகளில் உச்சியிலிருந்து காயத் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன். காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் அரை மீட்டர் ஆழத்துக்குள், கிளைப் பரப்பையும் தாண்டிப் படர்கின்றன. நெஞ்சுயரத்தில் அளந்த அடிமரத்தின் விட்டத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் காக்க வேண்டிய வேர்ப்பரப்பின் ஆரம் கிடைக்கும் என்பது துறையில் பரவலாகக் கையாளப்படும் கணக்கு. அறுபது சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு ஏழு மீட்டருக்கு மேல். அந்த வட்டத்துக்குள் ஒரு சரக்கு வண்டி சில நாட்கள் நின்றாலே மண் இறுகிக் காற்றோட்டம் போய்விடும். அரையடி மண்ணைக் கொட்டி மேடாக்கினாலும் வேர் மூச்சுமுட்டும். மரம் உடனே சாகாது. ஒப்பந்ததாரர் கணக்கை முடித்துப் போன பிறகு, குடியிருப்பவர் தண்ணீர் போதவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது சாகும். வேலை தொடங்குவதற்கு முந்தைய நாளே வேர்வட்டத்தைச் சுற்றி வேலி நிற்க வேண்டும். வேலி வரவில்லையென்றால் இயந்திரம் வரக் கூடாது. ஒரு மரத்தைத் தனியே காப்பதைவிட, பத்து மரங்களை அவற்றின் தரையோடும் புதரோடும் சேர்த்துக் காப்பது எளிது, செலவும் குறைவு.

சாலையைப் பொறுத்தவரை நீளத்தைத் தீர்மானிப்பது மனையின் முகப்பு அகலம். 2 ஏக்கர் மனைக்கு அறுபது மீட்டர் முகப்பு என்றால், இருபுறமும் பதினெட்டு வீடுகளாக 36 வீடுகளுக்கு 1080 மீட்டர் சாலை தேவை. அரை ஏக்கர் மனைக்கு முகப்பு இருபத்தைந்து மீட்டர் என்றால் 450 மீட்டர் போதும். சாலை பாதிக்கும் கீழே குறையும்போது குழாய், மின்தடம், பராமரிப்பு என்று எல்லாமே குறைகின்றன. நிலத்தின் மேல் நீர் ஊறாத பரப்பும் குறைகிறது. நீர்ப்பிடிப்புப் பகுதியில் கூரை, தார்ச்சாலை, நடைதளம் ஆகியவற்றின் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டும் அளவிலேயே சிற்றோடைகளின் நலம் குன்றுவது வெளிப்படத் தொடங்கும் என்பது ஓடை ஆய்வாளர்கள் பலமுறை சுட்டியுள்ள போக்கு. 25 விழுக்காட்டைத் தாண்டினால் மீட்பது மிகக் கடினம். எனவே சாலையின் அகலத்துக்காக நான் பொறியாளர்களோடு அரை அரை மீட்டராகப் பேரம் பேசுவதுண்டு. தீயணைப்பு வண்டி திரும்ப இடம் வேண்டும் என்பார்கள், அது உண்மைதான். ஆனால் சாலை முடிவில் பெரிய வட்டத்தை முழுவதும் தாரிட்டு மூடாமல், நடுவில் தாழ்ந்த பசுமைத் தீவு ஒன்றை விட்டால், வண்டியும் திரும்பும், மழைநீரும் அங்கே இறங்கும்.

மழைநீரைக் குழாயில் அடைத்து விரைவாக வெளியேற்றுவது பழைய பழக்கம். 1970களில் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் மைக்கேல் கார்பெட்டும் ஜூடி கார்பெட்டும் உருவாக்கிய வில்லேஜ் ஹோம்ஸ் குடியிருப்பில், நிலத்தடிக் குழாய்களுக்கு மாற்றாக வீடுகளுக்கு இடையே ஆழமற்ற திறந்த வாய்க்கால்களை அமைத்து, நீர் மெல்ல ஊறிச் செல்ல வழிசெய்தார்கள், தெருக்களையும் குறுக்கினார்கள். பொறியாளர்கள் முதலில் நம்பவில்லை. வாய்க்கால்கள் வேலை செய்தன. குழாய்ச் செலவில் மிச்சமானது மரங்களுக்கும் பொதுத் தோட்டங்களுக்கும் போனது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள பிரெய்ரி கிராசிங் குடியிருப்பு இதையே பெரிய அளவில் செய்தது. 677 ஏக்கரில் 359 தனிவீடுகளை வைத்து, நிலத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் திறந்த வெளியாக விட்டார்கள். கூரையிலும் சாலையிலும் விழும் நீர் புல் வாய்க்கால் வழியாக, ஆழமாக வேரோடும் இயல்நிலப் புல்வெளிக்கும், அங்கிருந்து சதுப்புக்கும், கடைசியில் ஏரிக்கும் போகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் ஊறுகிறது, கொஞ்சம் தெளிகிறது. வாய்க்காலைப் புல்தரைபோல் ஒட்ட வெட்டி வைத்தால் இந்தப் பயன் பாதியாகிவிடும் என்பதைக் குடியிருப்பவர்களுக்குப் புரியவைப்பதுதான் வாய்க்காலை வெட்டுவதைவிடக் கடினமான வேலை.

பெருங்கழிவுநீர்க் குழாய் எட்டாத இடங்களில், சிறு மனையில் கழிவுநீரை எங்கே விடுவது என்ற கேள்வி கொத்து முறையையே கவிழ்த்துவிடக் கூடியது. பல கூட்டங்களில் திட்டத்தைக் கைவிடச் சொல்பவர்கள் எடுக்கும் முதல் ஆயுதமும் இதுதான். உண்மையில் கொத்து முறைக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. வழக்கமான பிரிவில் ஒவ்வொரு மனையும் தன் எல்லைக்குள் கிடைக்கும் மண்ணையே, அது களியானாலும் பாறையானாலும், கழிவுநீருக்கு நம்பியிருக்க வேண்டும். கொத்து முறையிலோ நிலத்திலேயே சிறப்பாக உறிஞ்சும் மண் எங்கே இருக்கிறதோ, அந்தப் பகுதியைப் பொதுநிலத்தில் ஒதுக்கி, எல்லா வீடுகளின் கழிவுநீரையும் சுத்திகரித்து அங்கே பரவவிடலாம். மேலே அது புல்வெளியாகவே இருக்கும். வீட்டுக்கு உறிஞ்சும் மண் தேவையில்லை, உறுதியான மண் போதும். ஆக, மண் வரைபடத்தைப் பார்த்து நல்ல மண்ணில் வீட்டை வைத்துவிட்டு மோசமான மண்ணைக் கழிவுநீருக்கு விடும் வழக்கமான தவற்றைத் திருத்திக்கொள்ள இது வாய்ப்பளிக்கிறது. பொதுவான அமைப்பைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவர் ஒருவர் நிரந்தரமாக வேண்டும். அதற்கான பணம் முதல் நாளிலிருந்தே ஒதுக்கப்பட வேண்டும். இதில் சிக்கனம் பார்த்த திட்டங்களில் நாற்றம்தான் மிஞ்சும்.

சிறிய மனையில் அந்தரங்கம் இருக்காது என்ற குறை நியாயமானது. அதற்குப் பதில் மனையின் பரப்பில் கிடைக்காது, சன்னல்களின் திசையில் கிடைக்கும். ஒரு பக்கச் சுவரில் தாழ்வான சன்னலே வைக்காமல் மறுபக்கத்தைத் திறந்துவிடுவது, பக்கத்து வீட்டைச் சற்று முன்பின்னாக நகர்த்தி வைப்பது, இடையே ஒரு மரவரிசை நடுவது ஆகியவை அரை ஏக்கரில் தரும் தனிமையை, எதிரெதிரே சன்னல் வைத்த 2 ஏக்கர் தருவதில்லை. அதைவிட, வீட்டின் ஒரு பக்கமாவது பொதுநிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் மனை சிறிது என்ற எண்ணமே வராது. இதற்காகச் சில இடங்களில் சாலையின் ஒரு பக்கம் மட்டும் வீடு வைத்து, மறுபக்கத்தைப் புல்வெளிக்குத் திறந்துவிடுகிறேன். சாலை சற்று நீளும். கண்ணுக்குக் கிடைப்பதை நினைத்தால் அந்த நீளம் எனக்கு உறுத்துவதில்லை.

பொதுநிலம் யாருடையது என்பதைத் தொடாமல் இதை முடிக்க முடியாது. குடியிருப்போர் சங்கம் வைத்துக்கொள்ளலாம்; உள்ளாட்சி ஏற்கலாம்; நிலப் பாதுகாப்பு அறக்கட்டளையிடம் ஒப்படைக்கலாம்; பயிர்நிலமாயிருந்தால் உழவரிடமே விட்டுவைக்கலாம். யாரிடம் இருந்தாலும், இனி அங்கே கட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு உரிமைப் பத்திரத்தோடு பதிவாகி, நிலம் கைமாறினாலும் தொடர்ந்து, உரிமையாளர் அல்லாத ஒரு மூன்றாம் தரப்பால் நடைமுறைப்படுத்தக் கூடியதாக இருக்க வேண்டும். சங்கம் மட்டும் காவலராக இருந்தால், இருபது ஆண்டு கழித்து அதே சங்கம் பொதுக்குழுவைக் கூட்டி வாகன நிறுத்தம் கட்டத் தீர்மானம் போடலாம். சீ ராஞ்ச்சைப் பற்றி மேலே குறிப்பிட்டதுபோன்ற தளர்ச்சிக்கு இப்படியும் வழி திறந்துவிடும். பணமும் அப்படியே. அயல் களைகளை ஒழிப்பது, விழுந்த மரத்தை அகற்றுவது, நடைபாதையைச் செப்பனிடுவது எல்லாம் ஆண்டுதோறும் வரும் செலவுகள். பிரெய்ரி கிராசிங்கில் வீடு விற்கப்படும்போதெல்லாம் விலையின் சிறு பங்கு நிலப் பராமரிப்புக்குப் போகும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பிறரும் பார்த்துப் பின்பற்றலாம்.

இந்த முறைமேல் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஊரிலிருந்து வெகுதொலைவில், நடந்து போக ஒரு கடையோ பள்ளியோ இல்லாத இடத்தில், இருபது வீடுகளை அழகாகக் கொத்தாக்கி விட்டால், அந்த இருபது குடும்பங்களும் ஒவ்வொரு தேவைக்கும் காரோட்டிப் போகும். மனைப்பிரிவுக்குள் ஓர் ஓடையைக் காத்துவிட்டு, வெளியே புதிய நெடுஞ்சாலைக்குக் காரணமாகிவிடுவோம். இடம் தவறு என்றால் கொத்து முறை அந்தத் தவற்றைச் சரிசெய்யாது. அத்தகைய இடங்களில் கட்டாதிருப்பதையே பரிந்துரைத்து, வேலையை இழந்தும் இருக்கிறேன். அடுத்தடுத்த மனைப்பிரிவுகளின் பொதுநிலங்கள் ஒன்றையொன்று தொடாமல் திட்டுத்திட்டாக நிற்பதும் இதுபோன்ற குறைதான். எந்த ஓடை, எந்த மரத்தொடர் பகுதி முழுவதும் இணைந்திருக்க வேண்டும் என்ற வரைபடத்தை உள்ளாட்சி முன்கூட்டியே வைத்திருந்தால், ஒவ்வொருவரும் தம் துண்டை அதற்குப் பொருந்தும்படி விட முடியும். தனி நிலத்தின் எல்லைக்குள் மட்டும் நின்று வரைபவருக்கு அது கைக்கெட்டாது.

நான் வரைந்தவற்றுள் ஒன்றுக்குக் குடியேற்றம் நடந்து மூன்றாம் ஆண்டு போயிருந்தேன். மனைகளுக்கும் சதுப்போரப் புல்வெளிக்கும் இடையே இருபது மீட்டருக்கு ஒரு மரக்கம்பம் நட்டிருந்தோம். ஒரு வீட்டின் பின்னால் கம்பத்துக்கு அப்பாலும் ஐந்தாறு மீட்டர் புல் ஒட்ட வெட்டப்பட்டு, அதன் கோடியில் ஓர் ஊஞ்சலும் நின்றது. தோட்டத்தில் இருந்த பெரியவரிடம், "ஐயா, இந்தக் கம்பத்துக்கு அந்தப் பக்கமும் உங்கள் மனைதானா?" என்று கேட்டேன். "இல்லை தம்பி, புதராகக் கிடந்தது, நான்தான் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன்" என்றார். குரலில் கள்ளமில்லை, பொதுக்காரியம் செய்த நிறைவே இருந்தது. மழைக்காலத்தில் அந்த இடத்தில் நீர் நிற்கும் என்பதையும், அதில் இரவெல்லாம் கத்தும் தவளைகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் அரைமணி நேரம் பேசினோம். ஊஞ்சலை அவரே பெயர்த்து உள்ளே கொண்டுவந்தார். வெட்டிய புல் முழுவதும் மீள இரண்டு பருவங்கள் ஆயின. அடுத்து வரைந்த மனைப்பிரிவில் கம்பங்களை ஐந்து மீட்டருக்கு ஒன்றாக நட்டோம். எந்தப் பருவத்தில் எங்கே நீர் நிற்கும் என்று காட்டும் சிறு வரைபடத்தை ஒவ்வொரு வீட்டின் சாவியோடும் சேர்த்துக் கொடுத்தோம்.